அறுபது நாள் இலைப்பொடி, மூன்று ரத்தப் பரிசோதனைகள்: யூரிக் அமிலத்துக்கான ஒரு மூலிகைத் தயாரிப்பின் மதிப்புரை

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் என்று இணையத்தில் விற்கப்படும் மூலிகை இலைப்பொடி ஒன்றை அறுபது நாள் விடாமல் குடித்துப் பார்த்தேன். தயாரிப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறத்தாழ இதே இலைகளை, இதே வாக்குறுதியுடன் விற்கும் டப்பாக்கள் பல இருக்கின்றன என்பதால், மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

யூரிக் அமிலம் மிகுந்து வரும் கீல்வாதத்தின் முதல் தாக்குதல் எனக்கு வந்தது நள்ளிரவில். இடது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வையின் நுனி பட்டால்கூடத் துடிக்கும்படி ஆயிற்று. சுளுக்கு என்று எண்ணி எதுவும் செய்யாமல் கிடந்தேன். ஒன்பதாம் நாள் வலி தானாகவே அடங்கிவிட்டது. இந்த ஒன்பது நாள் கணக்கைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் அது தேவைப்படும். ஓராண்டுக்குள் அதே மூட்டில் இரண்டாவது தாக்குதல் வந்தபோதுதான் மருத்துவரிடம் போனேன். வீக்கம் வடிந்து மூன்று வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8.4 மில்லிகிராம் யூரிக் அமிலம் இருந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையைத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தில் நான் அவகாசம் கேட்டேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்ததால் அவரும் இரண்டு மாதம் பொறுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: வலியை வைத்து முடிவெடுக்கக் கூடாது, மாதம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

டப்பாவைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. உள்மூடி ஒட்டப்பட்டு, ஈரம் புகாமல் வந்து சேர்ந்தது. பொடி கரும்பச்சை நிறம். நைசாக அரைபட்டிருந்தாலும் இடையிடையே காம்புத் துண்டுகள் தட்டுப்பட்டன. தொகுப்பு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தன. காலையும் மாலையும் 5 கிராம் பொடியை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முதலில் துவர்ப்பு, பிறகு நாக்கின் அடியில் தங்கும் கசப்பு. நான்காம் நாளே பழகிவிட்டது. தினமும் இரண்டு வேளை அடுப்படியில் நின்று கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒருவித மனநிறைவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாத்திரை தராத நிறைவு அது, இத்தகைய பொடிகள் விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

குறை தொடங்குவது லேபிளில். முன்பக்கத்தில் ஐந்து இலைகளின் படம் இருக்கிறது: முடக்கறுத்தான், முருங்கை, கொய்யா, பூனைமீசை, முள்சீத்தா. பின்பக்கத்தில் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படிக்க வேண்டிய சிறிய எழுத்தில் ஆறு பெயர்கள் இருக்கின்றன. ஆறாவது நிலவாகை, அதாவது நிலாவாரை. எந்த இலை எத்தனை கிராம் என்ற கணக்கு எங்கும் இல்லை. மருந்தென்று ஒன்றைக் குடிக்கிறவருக்கு அளவு தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய குறை வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் இந்தக் கலவையின் குணம் விளங்கும். முடக்கறுத்தானுக்குப் பெயரே சான்றிதழாக அமைந்துவிட்டது: முடக்கை அறுப்பது. மூட்டுப் பிடிப்புக்கும் வலிக்கும் நெடுங்காலமாகக் கையாளப்படும் இலை என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் மூட்டுவலி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் நோய்கள் பல. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்குகிறது. வயதில் வரும் தேய்மானத்தில் குருத்தெலும்பு மெலிகிறது. யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதத்திலோ ரத்தத்தில் கரைய இடமில்லாத யூரிக் அமிலத்தின் உப்பு ஊசிப் படிகங்களாக மூட்டுக்குள் இறங்குகிறது. உடல் வெப்பத்தில் அந்த உப்பு கரைந்திருக்கக்கூடிய எல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் படிகம் விழும் வாய்ப்பு கூடுகிறது, அதற்குக் கீழே நிலைநிறுத்தினால் விழுந்த படிகமும் மெல்லக் கரைகிறது. சிகிச்சையில் 6-க்குக் கீழ் என்று இலக்கு வைப்பதற்கு இதுவே அடிப்படை. ஆகவே ஓர் இலை வலியைத் தணிக்கிறது என்பதும், யூரிக் அமிலத்தைக் குறைக்கிறது என்பதும் இரு வேறு கூற்றுகள். இந்த டப்பா முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்கிறது.

முருங்கை இலையிலும் கொய்யா இலையிலும் குவெர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகள், அதாவது தாவரங்களில் இயல்பாக இருக்கும் ஒருவகை வேதிப்பொருள்கள், உண்டு. யூரிக் அமிலத்தை உடல் உருவாக்குவதன் கடைசிப் படிகளை நடத்துவது சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி; அலோபியூரினால் தடுப்பதும் அதைத்தான். ஆய்வுக்கூடத்தில் இந்த நொதியின் மேல் இலைச்சாற்றை ஊற்றினால் அதன் வேகம் குறைவதைப் பல தாவரங்களில் காட்டியிருக்கிறார்கள். விளம்பரங்களில் வரும் ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் நொதியும் சாறும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடலிலோ குடல் உறிஞ்சுவது ஒரு சிறு பங்கு, அதையும் ஈரல் உருமாற்றிவிடுகிறது.

மனிதர்களிடம் எதுவும் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், யூரிக் அமிலம் சற்று உயர்வாக, ஆனால் நோய் எல்லையைத் தொடாமல் இருந்த 22 ஆண்களுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குவெர்செடினை நான்கு வாரம் கொடுத்தபோது அளவு சராசரியாக 0.45 மில்லிகிராமுக்கு நெருக்கமாகக் குறைந்தது. குறைந்தது உண்மை. ஆனால் அது பிரித்தெடுத்த தூய பொருள். ஒரு நாளைக்கான 10 கிராம் பொடியில் 500 மில்லிகிராம் குவெர்செடின் கிடைக்க வேண்டுமானால் பொடியில் இருபதில் ஒரு பங்கு அதுவாகவே இருக்க வேண்டும். இந்த ஆறு இலைகளில் எதிலும் அந்த அளவுக்கு அது இருப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும் 8.4 என்பது 8-க்கு அருகில்தான் வந்து நிற்கும், 6-க்குப் போகாது.

பூனைமீசை இலை சிறுநீரை அதிகமாக்கும். ஐரோப்பிய மருந்து முகமை அதைச் சிறுநீர்ப் பாதையை அலசிவிடுவதற்கான பாரம்பரியத் துணை மருந்தாக ஏற்றிருக்கிறது. யூரிக் அமிலத்துக்கு என்று அன்று. இங்கேதான் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: சிறுநீர் நிறையப் போனால் யூரிக் அமிலமும் நிறைய வெளியேறிவிடும் என்பது. யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது என்பது சரிதான். ஆனால் சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியைத் தானே மீண்டும் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. அந்த மீட்சியைத் தடுத்தால்தான் அளவு குறையும், தண்ணீரின் அளவைக் கூட்டினால் மட்டும் போதாது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தயசைடு வகை மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டிக்கொண்டே யூரிக் அமிலத்தை உயர்த்தவும் செய்கின்றன என்பதே இதற்குப் போதுமான சாட்சி.

முள்சீத்தா இலையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அந்த மரத்தில் அன்னோனாசின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாதம் அதிகமாகக் காணப்படுவதையும், அங்கே இந்த மரத்தின் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மக்கள் மிகுதியாக உட்கொள்வதையும் தொடர்புபடுத்தி 1999-இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. தொடர்பு என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. சில வாரம் குடித்த எனக்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் காலவரம்பின்றித் தினமும் இரண்டு வேளை குடிக்கச் சொல்லும் ஒரு பொடியில், அளவைக் குறிப்பிடாமல், எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாமல் இந்த இலையைச் சேர்ப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இனி அந்த ஆறாவது இலை. முதல் வாரத்திலேயே வயிறு இளகியது. ‘நச்சுகள் வெளியேறும் அறிகுறி, அஞ்ச வேண்டாம்’ என்று உடன் வந்த துண்டுத்தாள் சொன்னது. நிலவாகை பேதி இலை என்பது மூலிகை அறிந்த எவருக்கும் தெரியும். மலச்சிக்கலுக்கு ஓரிரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் நீட்டிக்கக் கூடாது. பேதியில் போவது நச்சு அன்று, தண்ணீரும் பொட்டாசியமும். உடலில் நீர் குறைந்தால் யூரிக் அமிலத்தின் செறிவு கூடும். பேதி மருந்தை நெடுங்காலம் தவறாகப் பயன்படுத்துவோருக்கு அம்மோனியம் யூரேட் என்ற அரிய வகைச் சிறுநீரகக் கல் உருவாவதும் மருத்துவத்தில் அறியப்பட்ட செய்தி. யூரிக் அமிலத்தைக் குறைக்க வந்த பொடிக்குள் இப்படி ஒன்றை ஏன் வைத்தார்கள் என்று யோசித்தால், எனக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது: குடித்தவருக்கு ஏதோ நடக்கிறது என்று உடனே தெரிய வேண்டும். வயிறு இளகுவதும், எடை எந்திரத்தில் அரைக் கிலோ குறைவதும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

முப்பதாம் நாள் பரிசோதனையில் 7.8 வந்தது. அன்று நான் மகிழ்ந்தேன், இரண்டாவது டப்பாவையும் அன்றைக்கே வரவழைத்தேன். பிறகு நிதானமாகக் கணக்குப் பார்த்தபோது மகிழ்ச்சி சுருங்கியது. பொடியைத் தொடங்கிய அதே வாரத்தில் இனிப்பூட்டிய குளிர்பானங்களை நிறுத்தியிருந்தேன். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் ஈரலில் சிதையும்போதே யூரிக் அமிலத்தை உண்டாக்கும். பீரையும் விட்டிருந்தேன். இரண்டு வேளைக் கஷாயத்தின் கசப்பைப் போக்கவே கூடுதலாகத் தண்ணீர் குடித்தேன். இவை போதாவென்றால், ஒரே ஆளிடம் ஒரே மாதிரி வாழ்க்கையிலும் இந்த அளவு அரை மில்லிகிராம் வரை ஏறி இறங்குவது இயல்பே. இத்தனைக்கும் நடுவில் இலைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

நாற்பத்தோராம் நாள் விடியற்காலையில் மூன்றாவது தாக்குதல் வந்தது, அதே விரலில். இம்முறை மருத்துவர் தாக்குதலின் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்தார். நான்காம் நாள் செருப்பு போட முடிந்தது. பரிசோதனை பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காகப் பொடியைத் தொடர்ந்தேன். அறுபதாம் நாள், வீக்கம் முழுவதும் வடிந்து இரண்டு வாரம் ஆன பிறகு, அளவு 8.3.

தாக்குதல் நடக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவாகக் காட்டுவது உண்டு என்பதால் அந்த நாட்களில் எடுக்கும் பரிசோதனையை நம்பக் கூடாது. இதை அறியாதவர் வலியோடு பொடி குடித்து, வலியோடு பரிசோதனை செய்து, 6.5 வந்ததென்று மகிழ்வதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இந்தத் தயாரிப்பின் விற்பனைப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் நிறைந்திருக்கின்றன. நான் அவற்றில் ஏறத்தாழ நூறைப் படித்தேன். ‘ஒரே வாரத்தில் நடக்க முடிந்தது’, ‘பத்து நாளில் வீக்கம் போனது’ என்றே பெரும்பாலானவை சொல்கின்றன. எழுதியவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கீல்வாதத் தாக்குதல் மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அடங்கிவிடும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஆளனுப்பியோ இணையத்திலோ எதை வாங்கிக் குடித்தாலும், அது வந்து சேர்ந்து நான்கு நாள் குடிப்பதற்குள் வலி இறங்குமுகத்தில் இருக்கும். பெயர் இலைக்குப் போய்விடும். ரத்தத்தில் இருந்த எண் எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது என்று எழுதியிருந்தவர்கள் நான் படித்தவரை மூன்று பேர். அவர்களிலும் இருவர் அலோபியூரினாலையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டுவலி மூலிகை என்ற பெயரில் விற்பனையாகும் பொருள்களில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 2022-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கான இயற்கைத் துணையுணவு என்று விற்கப்பட்ட ஒரு தயாரிப்பில் லேபிளில் சொல்லப்படாத டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததாக எச்சரிக்கை வெளியிட்டது. மூலிகைப் பொடி ஒன்று குடித்த சில மணி நேரத்தில் வலியை அடக்கினால் அதைப் பாராட்டுவதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது. நான் குடித்த பொடி எந்த வலியையும் அப்படி அடக்கவில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தால் இதுவும் அதற்கு ஒரு நற்சான்றுதான்.

மூலிகைக்கு நான் எதிரி அல்லன். என் விரலை நான்கு நாளில் விடுவித்த கோல்ச்சிசினே தாவரத்திலிருந்து வந்ததுதான். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது. அதே கிழங்கை அளவில்லாமல் தின்றால் உயிர் போகும். அந்தத் தாவரத்துக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே நிற்பது மில்லிகிராம் கணக்கு ஒன்றுதான். இந்த டப்பாவில் இல்லாததும் அதுதான். மாத்திரை எல்லோருக்கும் தீங்கற்றது என்றும் சொல்ல வரவில்லை. அலோபியூரினால் மிகச் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனாலேயே 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தத்தை அளந்து அளந்து கூட்டுகிறார்கள். தொடக்க மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது தாக்குதல் வரக்கூடும் என்று கூடவே கோல்ச்சிசினும் தருகிறார்கள். பொடியை நிறுத்திய மறுவாரம் நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது மாதப் பரிசோதனையில் 5.8.

யூரிக் அமிலம் சற்றே உயர்ந்து, தாக்குதலோ கல்லோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் எந்த மருந்துமே தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு இந்தப் பொடியும் தேவையில்லை. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீர்போக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோர் பேதி இலையும் நீர்போக்கு இலையும் அளவு தெரியாமல் கலந்த எதையும் தொடவே கூடாது. கசப்பான கஷாயம் குடிக்கும் பழக்கம் பிடித்திருக்கிறது, நோய்க்கு மருந்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன் என்பவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒற்றை இலை மட்டும் கொண்ட, எடை குறிப்பிட்ட பொடியைத் தேடிக்கொள்ளலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன்: ஒன்று டப்பாவுக்கு, ஒன்று அச்சிட்ட தேதிகளுக்கு. மூன்று பரிசோதனை எண்களையும் குறிப்பிட்டு, ஆறு இலைகளும் எத்தனை கிராம் என்று விற்பனையாளரிடம் கேட்டிருந்தேன். அது பரம்பரைச் செய்முறை, வெளியிட இயலாது என்று பதில் வந்தது. எண்களைப் பற்றி மறுபடி கேட்டதற்கு, ‘அளவெல்லாம் இருக்கட்டும் ஐயா, வலி குறைந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்’ என்று எழுதினார்கள். குறைந்தது என்றே பதில் எழுதினேன். இந்தப் பொடியின் பெயரே எனக்குத் தெரியாத காலத்தில், முதல் தடவை, ஒன்பது நாளில் குறைந்தது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்திருந்தேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பதில் இல்லை.